ஐந்து வரை எண்ணுகிறவர்கள்

“அந்தப் பந்து வெளையாடுற புள்ள டி.சி. வாங்கிட்டு மதுரைக்குப் போயிருச்சாம்ல?”

ஜெராக்ஸ் கடையில் என் முதுகுக்குப் பின்னால் யாரோ யாரிடமோ கேட்டார்கள். நான் திரும்புவதற்குள் இரண்டு பேரும் ஸ்கூட்டியில் ஏறிப் போய்விட்டார்கள். மே மாதம், காலேஜ் லீவு. கடைக்காரர் “இன்னும் எத்தன காப்பிம்மா?” என்று என்னை மூன்று தடவை கேட்டிருக்கிறார். எனக்குக் காதில் விழவே இல்லை. எல்லாம் அங்கே ஆரம்பித்ததுதான் அக்கா.

கையில் என்ன காயம் என்றுதானே கேட்டீர்கள்? சொல்கிறேன். நாய் கடிக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஊசி போட்டாயா என்று கேட்க வாயெடுத்துவிட்டீர்கள். ஆனால் காயத்தை மட்டும் தனியாகச் சொன்னால் ஒன்றும் புரியாது. நீங்கள் சின்னாளப்பட்டி வரைக்கும் வருகிறீர்கள், நேரம் இருக்கிறது.

நான் இப்படியெல்லாம் பேசுகிற பெண் இல்லை. கண்டக்டரிடம் ஊர்ப் பெயர் சொல்வதற்கே மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். உங்களை இனிமேல் பார்க்கப் போவதில்லை, அந்தத் தைரியத்தில் சொல்கிறேன். இதோ, போன் மறுபடியும் துடிக்கிறது பாருங்கள். எங்கள் குழு. இப்போது கோமு என்ன அனுப்பியிருக்கிறாள் தெரியுமா? ‘தாமரை, உண்மையச் சொல்லு, எவ்வளவு நாளா இது நடக்குது?’ நான்தான் தாமரை. என்னையே சந்தேகப்படுகிறார்கள். அவளும் இன்னொருத்தியும் மதுரையிலிருந்து அடுத்த பஸ்ஸில் வருகிறார்கள். என்னோடு வர மாட்டார்களாம்.

எங்கள் காலேஜ் திண்டுக்கல்லில் இருக்கிறது. பெண்கள் காலேஜ். பாஸ்கெட்பால் கோர்ட்டுக்குப் பக்கத்தில் சிமெண்டில் மூன்று படி கட்டியிருப்பார்கள். முதல் இரண்டு படியில் வெயில் அடிக்கும். மூன்றாவது படிக்கு மட்டும் வேப்பமர நிழல் உண்டு. நாங்கள் அதில்தான் உட்காருவோம். வாட்ஸாப்பிலும் அதுதான் பெயர், ‘மூணாம் படி’. நாற்பத்தாறு பேர். ரஃபீக்காதான் தலைவி. அவள் கத்தினால் பஸ் ஸ்டாண்டில் கேட்கும். கோமுவுக்கு வாய் ஓயாது, எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பாள். நான் ஓரமாக உட்கார்ந்து நோட்டில் எழுதுவேன். எனக்குப் பேசத்தான் வராது, பார்க்க வரும்.

பார்க்கப் போனதெல்லாம் வினோலியாவுக்காகத்தான். பதினொன்றாம் நம்பர். நிலக்கோட்டைப் பெண், அவளுடைய அம்மா பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறார். வினோ வந்து சேருகிற வரைக்கும் எங்கள் டீம் எந்தப் போட்டியிலும் முதல் சுற்றைத் தாண்டியதில்லை. அவள் வந்த பிறகுதான் நாங்களே படியில் உட்கார ஆரம்பித்தோம். அதை அவள் நினைத்துப் பார்க்க வேண்டாமா?

ஃப்ரீ த்ரோ என்று ஒன்று உண்டு அக்கா. எதிர் டீம் முறைகேடாக இடித்துவிட்டால், கோட்டில் நின்று யாரும் குறுக்கே வராமல் எறியக் கொடுப்பார்கள். பந்து கைக்கு வந்து ஐந்து விநாடிக்குள் எறிய வேண்டும். எறிவதற்கு முன்னால் வினோ பந்தைத் தரையில் ஐந்து தடவை தட்டுவாள். நாலு இல்லை, ஆறு இல்லை, சரியாக ஐந்து. தட்டும்போது அவள் உதடு அசையும். இதை யாரும் கவனித்ததில்லை. நான்தான் கவனித்தேன். ஒரு வருஷம் எனக்குள்ளேயே வைத்திருந்தேன். போன வருஷம் ஆகஸ்ட் பதினைந்து கோப்பை மேட்சில் வாய் தவறி ரஃபீக்காவிடம் சொல்லிவிட்டேன்.

“அஞ்சா? எண்ணிருவோம்,” என்றாள்.

அடுத்த ஃப்ரீ த்ரோவில் எழுந்து நின்று ஆரம்பித்துவிட்டாள். “ஒண்ணு! ரெண்டு!” மூன்றுக்கு மொத்தப் படியும் சேர்ந்துகொண்டது. ஐந்துக்குக் கேண்டீனில் இருந்தவர்கள்கூடச் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் காதோடு சொன்ன ஒன்றை நூறு பேர் சத்தமாகச் சொல்கிறார்கள்! என் வாழ்க்கையில் அப்படி ஒன்று அதற்கு முன்னால் நடந்ததில்லை. வினோ திரும்பிப் பார்த்தாள். எறிந்தாள். பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. அதனால் என்ன, முதல் தடவைதானே.

அதன் பிறகு எண்ணாத மேட்ச் கிடையாது. வெளியூர் போனாலும் எண்ணினோம். சாதாரணப் பிராக்டிஸிலும் எண்ணினோம். ஹாஸ்டல் மாடிப்படியில் அவள் ஏறினால் ஜூனியர் பிள்ளைகள் ஒண்ணு, ரெண்டு என்பார்கள். அவ்வளவு பாசம்.

ஒரு நாள் அவளே படிக்கு வந்தாள். வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

“நீங்க எண்ணுறது இருக்குல்ல, படுத்தாலும் அது எனக்குக் காதுல கேக்குதுடி,” என்றாள்.

“கேக்கணும்ல! தொண்டை கிழியக் கத்துறோம்ல!” என்றாள் ரஃபீக்கா.

“இல்லடி, நான் அதுக்குச் சொல்லல…”

“தேங்க்ஸெல்லாம் வேணாம் ஆத்தா. கப்ப மட்டும் வாங்கிக் குடு, போதும்,” என்றாள் கோமு.

எல்லோரும் சிரித்தோம். வினோ என்னைப் பார்த்தாள். என்னை மட்டும். நான் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அந்தப் பார்வையை அப்புறம் எத்தனையோ தடவை யோசித்தேன். அன்றைக்கே ஏதோ மறைத்திருக்கிறாள். ரஃபீக்கா அவள் சொன்னதை அன்று சாயங்காலமே ஸ்டேட்டஸ் வைத்தாள். ‘படுத்தாலும் எங்க குரல்தான் கேக்குதாம்!’ கீழே நாலு நெருப்பு எமோஜி.

இன்னொரு மேட்சில் மூன்று தட்டோடு பந்தைக் கையில் எடுத்துவிட்டாள். நாங்கள் விடவில்லை. “நாலு! அஞ்சு!” என்று இழுத்தோம். பந்தைப் பிடித்தபடி நின்றாள், மறுபடி இரண்டு தடவை தட்டினாள், எறிந்தாள். போகவில்லை.

“மறந்துட்டா பாவம். நல்லவேளை நாம இருந்தோம்,” என்றாள் கோமு.

பிப்ரவரியில் ஃபைனல். மதுரைக் காலேஜோடு, எங்கள் மைதானத்தில். கடைசி ஒரு நிமிஷம், ஒரு பாயிண்ட் பின்னால் இருக்கிறோம், வினோவுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. மொத்தக் காலேஜும் சுவரோரம் நிற்கிறது. முதலாவது தவறிவிட்டது. இரண்டாவதுக்கு எண்ணுகிறோம். முன்னூறு பேர் சேர்ந்து எண்ணினால் சீக்கிரம் முடியுமா? ஒவ்வொரு எண்ணும் இழுத்துக்கொண்டு போகிறது. “மூ…ணு” என்கிறோம், அந்தக் கோடிச் சுவரிலிருந்து “மூணு” என்று திரும்பி வருகிறது. அவள் எங்கள் ஐந்துக்காகப் பந்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நாங்கள் ஐந்து சொல்லி முடிப்பதற்குள் ரெஃப்ரி விசில் ஊதிவிட்டார். ஐந்து விநாடி தாண்டிவிட்டதாம். பந்து அவர்களுக்குப் போனது. ஒரு பாயிண்டில் தோற்றோம்.

ரெஃப்ரி எந்த ஊர் என்று விசாரித்தோம். அவருடைய மாமனார் வீடு மதுரை. நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம்தான் மே மாதம், ஜெராக்ஸ் கடை.

காலேஜ் விட்டுக் காலேஜ் மாறுவது லேசான காரியம் இல்லை அக்கா. மூன்றாவது வருஷம் படிக்கப் போகிற பெண் மாற வேண்டும் என்றால் இரண்டு பிரின்சிபாலும் கையெழுத்துப் போட வேண்டும், பல்கலைக்கழகத்தில் அனுமதி வாங்க வேண்டும். யாரோ உள்ளிருந்து கை கொடுக்காமல் நடக்காது. ஆபீஸில் இருக்கிற அட்டெண்டர் அண்ணனிடம் ரஃபீக்கா பேச்சுக் கொடுத்தாள். மாறுதல் மனு ஃபைனல் முடிந்த மூன்றாம் நாள் எழுதியது என்று தெரிந்தது. காரணம் என்கிற இடத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று மட்டும் இருந்ததாம். நேர்மையான காரணம் என்றால் விவரமாக எழுதியிருக்க மாட்டாளா?

அந்த மே மாதம் முழுக்க மூணாம் படியில் இதுதான் பேச்சு. ஒருத்தி ஹாஸ்டல் இலவசம் என்றாள், ஒருத்தி ரயில்வேயில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி இழுத்துவிட்டார்கள் என்றாள். எனக்கு அதெல்லாம் ஊகமாகப் பட்டது. என்னிடம் நோட்டு இருந்தது. ஒரு ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். போன ஆகஸ்ட் பதினைந்துக்கு முன்னால் அவள் எறிந்த ஃப்ரீ த்ரோ முப்பத்தாறு, உள்ளே போனது இருபத்தொன்பது. ஆகஸ்ட் பதினைந்துக்குப் பிறகு நாற்பது எறிந்து பதினேழுதான் உள்ளே போயிருக்கிறது. கணக்கில் எனக்குத் தப்பு வராது, நான் பி.எஸ்சி. கணிதம். அதே கை, அதே பந்து, அதே கோர்ட்டு. அப்படியானால் என்ன அர்த்தம்? வேண்டுமென்றே விட்டிருக்கிறாள். ஆகஸ்ட்டிலேயே பேசி முடித்துவிட்டார்கள். அந்த வாரம் கோர்ட்டு வாசலில் ஒரு சாம்பல் நிறக் கார் நின்றது. நான் பார்த்தேன்.

“அது கெமிஸ்ட்ரி மேடத்தோட வீட்டுக்காரர் காருடி,” என்றாள் கோமு.

இருக்கட்டும். சாம்பல் நிறத்தில் ஊரில் ஒரே கார்தான் ஓடுகிறதா?

அவளுடைய அம்மாவைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். ரஃபீக்கா, கோமு, நான், மூன்று பேரும் நிலக்கோட்டைக்குப் பஸ் ஏறினோம். புதுச் சங்கிலி, புது போன், கடையில் புதுப் பலகை, ஏதாவது கண்ணில் படும் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. அதே சாக்கு விரிப்பு, அதில் மல்லிகைக் குவியல். வினோ மதுரையில் பயிற்சி முகாமுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

“திண்டுக்கல் காலேஜா? நீங்கதான் அந்த எண்ணுற புள்ளைகளா?” என்று கேட்டார் அந்த அம்மா.

“ஆமாம்மா!” என்றாள் ரஃபீக்கா, முகமெல்லாம் சிரிப்பாக.

அந்த அம்மா கட்டிக்கொண்டிருந்த பூவைக் கீழே வைத்தார். பிறகு டீ சொன்னார்.

“ஆசையிலதான செய்றீங்க. உங்களக் குத்தம் சொல்லல,” என்றார். “வீட்டுலயும் அப்பிடித்தான். அவ தம்பி சும்மா இருக்க மாட்டாம, அக்கா எத்தன தோசை சாப்பிடுதுன்னு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிட்டான். தட்ட அப்பிடியே வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அன்னிக்கு முழுக்கச் சாப்பிடல.”

கிளம்பும்போது மூன்று பேருக்கும் ஒரு முழம் பூ கொடுத்தார். பஸ்ஸில் ஏறியதும் கோமு என் தொடையில் அடித்தாள்.

“டயட்டுடி! மதுரைக்காரங்க தோசைக்குக்கூட அளவு வச்சிருக்காங்க!”

எனக்கும் சரி என்று பட்டது. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஜூனில் காலேஜ் திறந்ததும் பி.டி. விசாலி மேடத்தைப் போய்ப் பார்த்தோம். வினோவை வெயிலில் நிற்க வைத்துப் பழக்கியது அவர்தான். அவருக்குத் தெரியாமல் அவள் போயிருக்க முடியாது. வலையிலிருந்த பந்துகளை எடுத்துக் காற்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வினோ மாறிப் போறதுக்கு யாரு மேடம் கையெழுத்துப் போட்டது?” என்று கேட்டாள் ரஃபீக்கா.

“மொதல் கையெழுத்து நான்தான் போட்டேன். அதுக்கு என்ன இப்ப?”

“நம்ம டீம விட்டுட்டு எதுக்கு மேடம்…”

“அந்தப் புள்ள எங்கயாச்சும் நிம்மதியா வெளையாடட்டும்னுதான். போங்கடி, பெல் அடிச்சாச்சு.”

வெளியே வந்து நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இவ்வளவு பச்சையாகவா ஒத்துக்கொள்வார்கள்? அவருக்கு இதில் என்ன லாபம்? ஜூலை மாதம் மேடம் இரண்டு சனிக்கிழமை மதுரைக்குப் போனார் என்பதையும் கண்டுபிடித்தோம். தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம். குழந்தையைப் பார்க்க இரண்டு தடவையா போக வேண்டும்?

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா. மற்றவர்களுக்கு ஒரு டீம் போயிற்று, அவ்வளவுதான். அந்த ஐந்து என்னுடையது. நான் கண்டுபிடித்தது. அவள் போன பிறகு படியில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. நானும் பழையபடி ஓரமாக உட்கார்ந்திருக்கிறவள் ஆகிவிட்டேன், கையில் நோட்டு மட்டும் இருந்தது. அவள் ஏன் போனாள் என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் முகத்தை ஒரு தடவை நேராகப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும் என்று இருந்தது.

இன்றைக்கு மதுரையில் அவர்கள் காலேஜில் மேட்ச். எங்களுக்கும் அவர்களுக்கும்தான். நாற்பத்தாறு பேரில் வந்தது மூன்று பேர். ரஃபீக்கா நேற்றே திட்டம் போட்டுவிட்டாள். “அவ கோட்டுல நிக்கறப்ப நாம எண்ணுவோம். பழசெல்லாம் ஞாபகம் வரும்ல? குத்தம் உள்ளவளா இருந்தா நம்மளத் திரும்பிப் பாக்கட்டும்.” எனக்கும் அது நியாயமாகத்தான் தோன்றியது.

வாடிப்பட்டியில் பஸ் டயர் பஞ்சர். நாங்கள் போய்ச் சேரும்போது முக்கால்வாசி மேட்ச் முடிந்துவிட்டது. வினோ பதினொன்றை விட்டுவிட்டாள், எட்டாம் நம்பர் போட்டிருந்தாள். ஸ்கோர் மேஜையில் இருந்த பெண்ணிடம் வினோவின் ஃப்ரீ த்ரோ எத்தனை என்று கேட்டேன். நானாகப் போய்ப் புது ஆளிடம் கேட்டேன் அக்கா, அதுவே எனக்குப் பெரிய காரியம்.

“எட்டாம் நம்பரா? ஆறுக்கு ஆறு,” என்றாள்.

நோட்டைத் திறந்து, போன வருஷத்து நாற்பதுக்குப் பதினேழுக்குக் கீழே ‘ஆறுக்கு ஆறு’ என்று எழுதினேன். பேனா அங்கேயே நின்றுவிட்டது. பார், நம்மிடம் வேண்டுமென்றே விட்டவள் இங்கே எப்படி ஆடுகிறாள் என்று ரஃபீக்காவிடம் காட்டலாம் என்றுதான் இருந்தேன். காட்டவில்லை.

கடைசி நிமிஷம். இரண்டு டீமும் சமம். யாரோ இடித்து வினோவுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. அவள் கோட்டில் வந்து நின்றதும் அவர்கள் காலேஜ் பிள்ளைகள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நூற்றைம்பது பேர் இருப்பார்கள். கைதட்டல் இல்லை, விசில் இல்லை, ஒரு சத்தம் இல்லை. ஒருத்தி இருமல் வந்ததற்கு வாயைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள்.

“பாத்தியா? ஒரு நாதி இல்ல அவளுக்கு,” என்றாள் கோமு.

ரெஃப்ரி பந்தைக் கொடுத்தார். ரஃபீக்கா எழுந்தாள். “ஒண்ணு!” என்றோம், மூன்று பேரும். வினோ பந்தைத் தட்டவே இல்லை. ஒரு தடவைகூடத் தட்டவில்லை. அப்படியே தூக்கி எறிந்துவிட்டாள். நாங்கள் “ரெண்டு” சொல்லிக்கொண்டிருக்கும்போது பந்து வலைக்குள் இறங்கியது. நூற்றைம்பது பேரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அடிக்கிற மாதிரி இல்லை. வகுப்பில் போன் அடித்தால் பார்ப்பார்களே, அப்படி.

“ஏமாத்துறா,” என்றாள் ரஃபீக்கா. “தட்டாமப் போடுறாளாமே? இந்தத் தடவை கையில பந்து வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிப்போம். என்ன பண்றான்னு பாப்போம்.”

ரெஃப்ரி பந்தை எடுத்து வந்தார். வினோ உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தாள். ரஃபீக்காவை இல்லை, கோமுவை இல்லை. அன்றைக்குப் படியில் என்னைப் பார்த்தாளே, அதே பார்வை. இந்தத் தடவை நான் குனியவில்லை.

ரஃபீக்கா மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள். நான் எழுந்து அவள் வாயைப் பொத்தினேன். அவள் தலையை உதறினாள், நான் விடவில்லை. கோமு என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். கீழே வினோ பந்தைத் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது, அவ்வளவு அமைதி. ரஃபீக்கா என் கையைக் கடித்தாள். ஐந்தாவது தடவை பந்து விழுகிற வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை.